அடுப்புமேடைக் கல்லில் இருக்கும் ஓட்டை பற்றி

வில்லாபுரம், மதுரை
மாசி 10, வியாழக்கிழமை காலை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அழகுபாண்டி அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் சிவனாண்டி வணக்கம் சொல்லி எழுதுவது. கொட்டாம்பட்டியில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் குறைவில்லாமல் இருக்க அழகர்மலையான் துணை நிற்கட்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குப் பேனாவைத் தூக்குகிறான் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் எதையும் சொல்ல முடியவில்லை மாப்பிள்ளை. நான் ஒரு விசயம் என்று ஆரம்பித்தாலே நீங்கள் "சாப்ட்டீகளா மச்சான்" என்கிறீர்கள். சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் நான் மூக்கை உறிஞ்சுகிறேன், அந்தப் பக்கம் நீங்களும் உறிஞ்சுகிறீர்கள், இரண்டு பேரும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறோம். உங்கள் அக்காள் முத்துத்தாய் கண்ணை மூடிய ஆடி மாதத்திலிருந்து ஏழு மாதமாக நம் இரண்டு பேருக்கும் சிக்னல் சரியில்லை. அதனால்தான் கடிதம்.

விசயம் இதுதான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் மருமகன் முகேஷ் இந்த வீட்டு அடுப்படியை உடைக்கப் போகிறான். மாடுலர் கிச்சனாம். இழுத்தால் வருமாம், விட்டால் தானாகப் போய் மூடிக்கொள்ளுமாம். அலமாரியை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், எனக்குக் கவலை இல்லை. அடுப்புமேடைக் கல்லையும் பெயர்த்து எடுத்துவிட்டு வேறு கல் போடப் போகிறான். அதைத்தான் நீங்கள் தடுக்க வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். தெவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் வீட்டில் கடப்பாரைச் சத்தமா என்றேன். அவன் "அப்பா, பங்குனி பொறந்துருச்சுன்னா வேலை ஆரம்பிக்கக் கூடாதுப்பா" என்று எனக்கே பஞ்சாங்கம் சொல்கிறான். நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன் அவன். அப்பன் பேச்சைத் தட்டுவான், உங்கள் பேச்சைத் தட்ட மாட்டான். சனிக்கிழமை சாயங்காலமே வந்து, என் அக்கா புழங்கிய கல்லில் எவனும் கை வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

எந்தக் கல் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்து நாலு வருசத்துக்கு முன்னால் தை மாதம் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, பிறந்த வீட்டுச் சீர் என்று பித்தளைப் பானையும் அடுப்பும் அரிசியும் தூக்கிக்கொண்டு உங்கள் ஆட்கள் நாற்பது பேர் வேனில் வந்து இறங்கினீர்கள். பானையை நீங்கள்தான் மேடையில் இறக்கினீர்கள். இறக்கிவிட்டு, அடுப்புக்கு வலப்பக்கம் இரண்டு சாண் தள்ளி இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தீர்கள். சுண்டைக்காய் நுழைகிற வாய், உள்ளே நெல்லிக்காய் உட்காருகிற அளவுக்கு வயிறு, உள்சுவர் முழுக்கக் கற்கண்டை நொறுக்கி ஒட்டியது போலப் பொடிப் படிகங்கள். "என்ன மச்சான், புதுக் கல்லுல ஓட்டை கெடக்கு?" என்று சபையில் கேட்டீர்கள். உங்கள் அப்பா திரும்பிப் பார்த்தார். உங்கள் பெரியப்பாவும் பார்த்தார். பானை அதே கல்லில் இருக்கிறது, பால் பொங்கப் போகிறது. அந்த நேரத்தில் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ஓட்டை இல்ல மாப்ள, அது கல்லுக்குக் கண்ணு. பத்தாயிரம் கல்லுல ஒண்ணுக்குத்தான் இப்படி அமையும். முத்துத்தாய்க்காக யார்டு முழுக்கத் தேடி எடுத்தேன்" என்றேன். உங்கள் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். உங்கள் அக்காள் தலையைக் குனிந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் தெரிகிறது.

அது பொய் மாப்பிள்ளை. இதை எழுதத்தான் காலையிலிருந்து இரண்டு தாளைக் கசக்கிப் போட்டேன்.

கிரானைட் கம்பெனி யார்டில் முப்பத்தொரு வருசம் செக்கிங் பார்த்தவன் நான். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே பொந்து இருந்தால் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ரிஜெக்ட். என் காதுக்குத் தப்பிய கல் அறுபட்டு, பாலிஷ் ஆகி வந்த பிறகு பல்லைக் காட்டும். அப்படிக் காட்டிய ஒன்றுதான் இது. நானே ரிஜெக்ட் செய்தேன். ஆயுத பூசை அன்றைக்கு முதலாளி, ரிஜெக்டில் வேண்டியதை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் படிக்கட்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் எடுத்துப் போனார்கள். நான் அடுப்படிக்கு எடுத்து வந்தேன். வீட்டைக் கட்டி முடித்த களைப்பில், இது போதும் என்று நினைத்தேன். யார்டு முழுக்கத் தேடவில்லை. லாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால், உங்கள் பெண் சோறாக்கப் போகிற இடத்துக்கு நான் தள்ளுபடிக் கல்லைப் போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வார்த்தை பொய் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இருபத்து நாலு வருசம் ஈர்க்குச்சி பிடித்தாள்.

ஈர்க்குச்சி என்றால் புரியாது, சொல்கிறேன். அந்த ஓட்டை சும்மா இருக்கவில்லை. தாளிக்கும்போது தெறிக்கிற கடுகு நேராக அதற்குள் போகும். ரவை போகும், உடைத்த உளுந்து போகும், தேங்காய்த் துருவல் போகும். பெருங்காயத்தைக் கிள்ளினால் பாதி குழம்புக்கு, பாதி ஓட்டைக்கு. தினமும் வேலை முடிந்ததும் புது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, அதை வைத்து நோண்டி நோண்டி எடுப்பாள். மழைக்காலத்தில் இரண்டு வேளை. கூடத்தில் நான் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே இருந்து குரல் வரும். "ஏங்க, ஒங்க கண்ணுல இன்னிக்கு அம்புட்டு ரவையும் விழுந்துருச்சு." நான் "பத்தாயிரத்துல ஒண்ணுடி அது, பதனமா எடு" என்பேன். அவள் சிரிப்பாள். ஒரு தடவை பக்கத்து வீட்டு ராஜாராம் அண்ணன் சம்சாரம், "இதுல கொஞ்சம் சிமெண்ட் வச்சு அடைச்சிரலாமேக்கா" என்றதற்கு, "அய்யய்யோ, அவரு பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்த கல்லு" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஆசுபத்திரிக்குப் போனவள் பதினோராம் நாள் இல்லை. உங்களுக்குத் தெரியாததா.

அவள் போன பிறகு நான் அடுப்பில் டீயைத் தவிர எதையும் வைக்கவில்லை. மூன்று வேளையும் முக்கு மெஸ் சாப்பாடுதான். திருநகரில் வாடகை வீட்டில் இருக்கிற முகேஷும் மருமகள் பவதாரிணியும் அங்கே வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் போகவில்லை. டீ போடும்போது சர்க்கரை ஓட்டையில் விழும். எறும்பு வரும். ஒருநாள் நானும் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குச்சி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அதை எடுக்க ஊக்கை விட்டேன், ஊக்கு வளைந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக் குனிந்தேன், கண்ணாடி பால் பாத்திரத்தில் விழுந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டேன். விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஓட்டைக்குள் அடியில் கிடப்பதெல்லாம் அவள் கையிலிருந்து விழுந்தவை. ஆசுபத்திரிக்குப் போன அன்றைக்குக் காலையில்கூட ரசம் வைத்துவிட்டுத்தான் போனாள், ஓட்டையை நோண்டாமல் போனது அன்றைக்கு ஒருநாள்தான். அதை எடுத்துக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

போன மாதம் கிச்சன் கம்பெனி ஆள் அளவெடுக்க வந்தான். முகேஷும் கூட நின்றான். அந்த ஆள் கல்லை விரல் முட்டியால் தட்டினான். தட்டுகிற முறையே தப்பு, ஓரத்தில் தட்டினால் எந்தக் கல்லும் நல்ல கல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "சார், இது ரிஜெக்ட் பீஸு சார். யாரு சார் ஒங்கள ஏமாத்துனது?" என்றான். என் மகன் விட்டத்தைப் பார்த்தான். நான் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இது சாதாரணக் கல் இல்லை, அபூர்வமான வகை, உடைக்கக் கூடாது என்று படித்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால்? நான் சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும், கல்லும் பிழைத்துக்கொள்ளும். ராஜாராம் அண்ணனின் தம்பி மகள் ஸ்ரீவர்ஷினி கல்லூரியில் பாறைகளைப் பற்றிய நிலவியல் பாடம் நடத்துகிறாள். சொல்லி அனுப்பினேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கல்லைத் துடைத்து மினுக்கியிருந்தேன், பொட்டு மட்டும்தான் வைக்கவில்லை.

"அங்கிள், பாறைக்குள்ள ஒரு காலி இடம் இருந்து, அதோட உள்சுவர்ல படிகம் வளந்திருந்தா அதுக்கு வக்-னு பேரு. அதே மாதிரி உள்ள படிகம் இருந்து, ஆனா தனக்குன்னு ஒரு ஓடு வச்சுக்கிட்டு, உருண்டையா முழுசாக் கழண்டு வந்துச்சுன்னா அது ஜியோட். இது ஜியோட் இல்ல, வக்" என்றாள்.

"ரெண்டுல எதும்மா ஒசத்தி?"

"ஒசத்தி தாழ்த்தியெல்லாம் இல்ல அங்கிள். வெளக்கம் வேற வேற, அவ்வளவுதான்."

"மியூசியத்துல எதை வைப்பாக?"

"ஜியோட்டைத் தூக்கிட்டுப் போய் வைக்கலாம். இது தனியா வராதே. சுத்தி இருக்கிற கல்லு இருந்தாத்தான் இதுவும் இருக்கும். கல்லை ஒடைச்சா அப்புறம் இது எங்க இருக்கும்?"

நான் விடவில்லை. இந்த விளக்கத்தில் வேறு வழி எதுவும் இல்லையா, ஓட்டை எம்புட்டுப் பெரிதாக இருந்தால் கணக்கு, உள்ளே எம்புட்டு நிறைந்தால் கணக்கு என்று செக்கிங் ஆள் மாதிரியே கேட்டேன். அளவு பெரிய விசயமில்லையாம், நடுவில் கொஞ்சமாவது காலியாக இருக்க வேண்டுமாம். முழுக்க நிறைந்துபோய்விட்டால் அது வக்கும் இல்லை ஜியோட்டும் இல்லை, வெறும் கட்டிதானாம். கெட்டிப் பாறைக்குள்ளே பொடிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உருவம் இல்லாமல் கிடக்குமாம். கை கால் நீட்ட ஒரு காலி இடம் கிடைத்தால்தான் படிகம் முனையும் முகமுமாக வளருமாம். இதற்குத்தான் மாப்பிள்ளை நான் முப்பத்தொரு வருசம் ரிஜெக்ட் போட்டிருக்கிறேன். "கடுகு விழுந்து நெறஞ்சாலும் கட்டிதானா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "கடுகு கணக்குல வராது அங்கிள்" என்றது.

சிரித்த பிள்ளை திடீரென்று மூச்சை நிறுத்தியது. "அங்கிள், அடியில மஞ்சளா ஒண்ணு தெரியுது. நல்ல சதுரக் கட்டம். ஃப்ளோரைட்டா இருக்குமோ? இந்தப் பக்கத்துக் கல்லுல இப்படி நான் பாத்ததே இல்ல" என்று ராஜாராம் அண்ணன் வீட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தியது. பையிலிருந்து சின்னக் கவ்வி ஒன்றை எடுத்து உள்ளே விட்டு, பத்து நிமிசம் பாடுபட்டு அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிது, நாலு பக்கமும் வெட்டி எடுத்த மாதிரி ஒழுங்கு. நான் யார்டு ஆள், கண்ணை விடக் கையையும் நாக்கையும் நம்புகிறவன். நாக்கு நுனியில் வைத்தேன்.

உப்பு மாப்பிள்ளை. மஞ்சள் கலந்த உப்பு. உப்புத் தண்ணீர் காலி இடத்தில் தேங்கி, யாரும் தொடாமல் மெதுவாகக் காய்ந்தால் இப்படிச் சதுரமாகப் படியும் என்று அந்தப் பிள்ளை அசடு வழிந்துகொண்டே விளக்கியது. நான் விட்ட குச்சியும் ஊக்கும் அடிவரை போகவில்லை, அதனால் ஏழு மாதம் அடியை யாரும் தொடவில்லை. நான் சமைக்கவும் இல்லை. அப்படியானால் அது உங்கள் அக்காள் கடைசியாக வைத்த ரசத்தின் உப்பு. அது எனக்கு உறைப்பதற்குள் நாக்கில் கரைந்துவிட்டது. நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஸ்ரீவர்ஷினி பயந்துபோய், "அங்கிள், ஒண்ணும் ஆகாது, உப்புதான், உப்புதான்" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தது. உப்புதான் என்பது எனக்குத் தெரியாதா? போகும்போது, உள்சுவரில் படிகம் இருக்க வேண்டும் என்றால் உப்புப் படிகமும் படிகம்தானே, அதைச் சேர்த்து அபூர்வம் என்று எழுதிக் கொடும்மா என்று கேட்டேன். "மனுசங்க போட்டதைச் சேக்க முடியாது அங்கிள்" என்றது. கண் கலங்கிக்கொண்டுதான் சொன்னது, ஆனாலும் எழுதிக் கொடுக்கவில்லை. படித்த பிள்ளை, விளக்கத்துக்கு மாறாகக் கையெழுத்துப் போடாது. நானும் வேலையில் அப்படித்தான் இருந்தேன்.

அந்தப் பிள்ளை கத்திய கத்தலில் மறுநாள் தெருவே வந்துவிட்டது. சிவனாண்டி அண்ணன் வீட்டு அடுப்படியில் மஞ்சள் புஷ்பராகம் கிடைத்ததாம். ஒரு அம்மா இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கல்லையே பார்த்தது. ஒருவர் பால் ஊற்றிப் பார்க்கலாமா என்றார். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, அடுப்புப் பக்கம் பள்ளம் இருந்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது, அதனால்தான் அம்மா போய்விட்டார்கள் என்றார். நான் அவரைச் சட்டையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அறுபத்து நாலு வயதில் அதற்கு மேல் முடியவில்லை. விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவேளை அந்த ஆள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். முகேஷுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் பொய்யிப்பா, ஆனா அந்தக் கல்லை மாத்திருவோம்ப்பா" என்றான். பொய் என்றால் எதற்கு மாற்ற வேண்டும்? கேட்டால் "தயவுசெஞ்சு கேக்காதீங்கப்பா" என்கிறான். அம்மா செத்து ஏழு மாதத்தில் அவள் புழங்கிய இடத்தைத் துடைத்து எறிய வேண்டும் என்று இவனுக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. பெற்ற மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் வர வேண்டும். மியூசியம் வராது, சர்டிபிகேட் வராது. கல்லைப் பெயர்த்தால் அந்த இடம் இருக்காது. அதை மட்டும் தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ள வழியில்லை என்று படித்தவர்களே சொல்லிவிட்டார்கள். நான் இருக்கும் வரைக்குமாவது அது அங்கேயே இருக்கட்டும். உங்களிடம் சபையில் பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்க முடியவில்லை, அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது, அதனால் அவள் கூடப் பிறந்தவர் என்று உங்களிடம் கேட்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உங்கள் நிலத்தில் மூன்று போகமும் விளைந்து, கிணற்றில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும் என்று வயதில் மூத்தவன் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, உங்கள் மேல் மாறாத பிரியமுள்ள
சிவனாண்டி

பின்குறிப்பு. அதே நாள், சாயங்காலம் ஐந்து மணி.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் பவதாரிணி வந்தாள். தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்திருந்தாள். நான் அந்த நேரம் ஓட்டையில் எறும்பை ஊதிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றவள், "மாமா, சொல்லக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிருக்காக. ஆனா இதுக்கு மேல என்னால முடியல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கல்லை மாற்றச் சொன்னதே உங்கள் அக்காள்தான். ஆசுபத்திரியில் மூன்றாம் நாள் இவளையும் முகேஷையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். "நான் போயிட்டா மொதல்ல அந்தக் கல்லை மாத்திருங்க. அவருக்குக் கண்ணு மங்கல். தனியா ஆக்கித் திங்கணும். குச்சி விட்டு நோண்டத் தெரியாது. எறும்பு ஏறிப்போயி, எறும்போட தின்னுட்டு யாருகிட்டயும் சொல்லாம இருப்பாரு." இவ்வளவு நாள் ஏன் மாற்றவில்லை அத்தை என்று பவதாரிணி கேட்டிருக்கிறாள். "எந்தம்பி முன்னாடி, எங்கப்பா முன்னாடி, தேடி எடுத்த கல்லுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. நான் மாத்துனா அவரு பேச்சு என்ன ஆகும்? ரிஜெக்ட் கல்லுன்னு எனக்குத் தெரியும்ங்கிறது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம். பாவம், எத்தனை வருசமாச் சமாளிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாளாம்.

எப்படித் தெரியும் என்று எனக்குக் குழப்பம். முட்டி இரண்டும் சத்தம் போட மேடைக்கு அடியில் உட்கார்ந்து, சிலிண்டரைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. பக்கத்தில் சி என்று என் கையெழுத்து. யார்டில் எல்லா ரிஜெக்ட் கல்லுக்கும் நான் போடுகிற அதே குறி. கவிழ்த்துப் போட்டுவிட்டால் மறைந்துவிடும் என்று நினைத்தவன் நான். வெங்காயக் கூடையும் எண்ணெய்த் தகரமும் அரிசி டப்பாவும் அந்த அடியில்தான் இருக்கின்றன. சிலிண்டர் மாற்றுவதும் அவள்தான். பால் காய்ச்சிய மறுநாளே பார்த்திருப்பாள். நான் அங்கே குனிந்தது இன்றைக்குத்தான்.

உங்கள் முன்னால் நான் தலை குனியக் கூடாது என்று அவள் மூடி வைத்ததை, நானே பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துவிட்டு வேறு எழுதத்தான் தாளை எடுத்தேன். பிறகு, அந்தப் பேச்சைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு போதும் என்று தோன்றியது. அப்படியே அனுப்புகிறேன்.

ஆகையால் மேலே கேட்டுக்கொண்டது எதையும் செய்ய வேண்டாம். முகேஷை ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், அவன் அம்மாவிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாருங்கள், கல்லை இறக்க நாலு ஆள் வேண்டும், உங்கள் கை இருந்தால் நல்லது. புதுக் கல்லை நானே யார்டுக்குப் போய்த் தட்டிப் பார்த்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை யார்டு முழுக்கத் தேடுவேன்.

அவள் நினைத்த மாதிரியே இனி நான் ஆக்கித்தான் தின்ன வேண்டும். தங்கச்சியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். உங்கள் அக்காள் வைக்கிற புளிக்குழம்புக்கு எண்ணெயில் முதலில் போடுவது கடுகா, வெந்தயமா? முப்பத்து மூன்று வருசம் அவள் தாளிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன் மாப்பிள்ளை. கவனிக்கவில்லை.